ஒன்பது குளியல்

இந்த ஆனியில் நம் பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி எழுதியிருந்தாள். சாரல் பிடித்துவிட்டதாம், சனி ஞாயிறு ஒரு வேன் பேசிக் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வரலாமாம், முட்டிவலிக்கு அந்தத் தண்ணீரைப் போல மருந்து கிடையாதாம். நீங்கள் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நான் மட்டும் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். "இவளுக்கு எப்பவும் கிராக்கிதான்" என்று கீழே ஒருத்தி எழுதியதையும் பார்த்தேன். கிராக்கி ஒன்றும் இல்லை. ஐம்பத்தாறு வயதில் எனக்கும் முட்டி வலிக்கத்தான் செய்கிறது. அந்த அருவியில் நான் நின்று நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏன் என்று ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், பிறகு வேனில் எனக்கு இடம் போடுகிறீர்களா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பேட்டையில் எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் நகக்கண்ணில் இருந்த எண்ணெய்க் கறுப்பு போகாது. அப்பாவுக்கு ஒரே தங்கை, அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அத்தையை வளர்த்தார், அப்பாதான் மாப்பிள்ளை பார்த்தார். ஆழ்வார்குறிச்சியில் வயலும் மாடும் உள்ள வீடு. மூன்று பேரிடம் விசாரித்துத்தான் கொடுத்தேன் என்று அவர் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த மூன்று பேரும் ஆண்கள் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

தலைப்பிரசவம் எங்கள் வீட்டில் நடந்தது. புரட்டாசியில் பெண் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து தொட்டிலை ஆட்டுவது என் வேலை. வசம்பு, பவுடர், பால் கக்கிய துணி எல்லாம் கலந்த அந்த வாசனை எங்கள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தது. மாசியில் வெள்ளி அரைஞாணும் தகரப் பெட்டியும் கொடுத்து, பிள்ளையையும் அத்தையையும் ஆழ்வார்குறிச்சிக்கு அனுப்பி வைத்தோம். பங்குனியில் பிள்ளை தவறிப்போனதாகத் தகவல் வந்தது. அப்பா போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

சித்திரையில் மாமாவின் அண்ணன் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா வரவில்லை. வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"பிள்ளை போனதுலேருந்து வாயத் தொறக்க மாட்டேங்கா. மூளை கலங்கிப் போச்சு போலுக்கு. சரியாக்கி அனுப்புங்க. ஆவணிக்குள்ள சரியாகலன்னா தம்பிக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா அன்று பட்டறைக்குப் போகவில்லை. தங்கை வாழாவெட்டியாக வந்து நிற்பதை ஊர் பார்க்கப்போகிறதே என்பது ஒரு பக்கம். தனக்குப் பிறகு அவளுக்கு யார் என்பது இன்னொரு பக்கம். ஆவணி, ஆவணி என்று அவர் தூக்கத்தில்கூடச் சொன்னதாக அம்மா பிற்பாடு சொன்னாள்.

அத்தை மாவாட்டுவாள், தண்ணீர் எடுப்பாள், எனக்கு இரட்டைச்சடை போட்டு விடுவாள். ஒரு சொல் பேசமாட்டாள். கேட்டால் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம், டாக்டர் கொடுத்த தூக்கமாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் பட்டறை முதலாளி அண்ணாச்சி ஒருநாள் வீட்டுக்கே வந்து வைத்தியம் சொன்னார்.

"தலைச்சூடு வே, வேற ஒண்ணுமில்ல. குத்தாலத்துல மூணு நாள் தங்கும். ஒரு நாளைக்கு மூணு குளியல், மொத்தம் ஒம்பது. தண்ணி நேரா உச்சியில விழணும். எம் மச்சானுக்கு அப்படித்தான் தெளிஞ்சுது."

நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. சித்தம் கலங்கியவர்களை அருவியில் கொண்டுபோய் நிறுத்துவது காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுப்பது மாதிரி. அப்பா வெள்ளி, சனி இரண்டு நாள் லீவு போட்டார். ஆனி முடிய நாலைந்து நாள் இருந்தது. எனக்கானால் ஒரே குஷி. அதற்கு முன்னால் நாங்கள் எங்கேயும் போய்த் தங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பேட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். கரி எஞ்சின். ஜன்னலில் தலையை நீட்டினால் கண்ணில் கரி விழும், அதற்காக அம்மா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அம்பாசமுத்திரத்தில் அப்பா ஆளுக்கு ஒரு வடை வாங்கித் தந்தார். அத்தை தன்னுடையதையும் எனக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்து ஆழ்வார்குறிச்சி. ரயில் நிற்கப் போகிறது என்றதும் அத்தை முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ரயில் நகர்ந்த பிறகு பார்த்தால் என் கண்ணாடி வளையல் அழுந்திய தடம் சிவப்பாக இருந்தது.

"புருஷன் ஊரப் பாத்ததும் வெக்கம் வந்துட்டு, பாத்தீங்களா" என்றாள் அம்மா, சந்தோஷமாக. அப்பாவும் சிரித்தார். பாவம், அவர்கள் ஆசைப்பட்டதைத்தானே பார்ப்பார்கள்.

குற்றாலத்தில் சீசனுக்கு விடுகிற ஒரு அறை கிடைத்தது. சுவரெல்லாம் ஈரம். ஒரு நாளைக்கு மூன்று முறை நனைந்த சேலையும் பாவாடையும் கொடியில் தொங்கும், எதுவும் காயாது. தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் அடுப்பு, எங்கோ பழுத்த பலா எல்லாம் சேர்ந்து மணக்கும். வெயிலடிக்கும்போதே பொடிப்பொடியாகத் தூறும். ஜன்னல் வழியாக ஒரு குரங்கு கையை விட்டு எங்கள் சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய், தின்று பார்த்துவிட்டுத் துப்பியது. நான் சிரித்துத் திரும்பினால் அத்தையும் சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இளைப்பு உண்டு, அருவிக்குள் நிற்க முடியாது. அதனால் பெண்கள் பக்கத்தில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அம்மா வெளியே துணியோடு உட்கார்ந்திருப்பாள். அப்பா தூரத்தில் நின்று, தண்ணீர் உச்சியில்தான் விழுகிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பார்.

உங்களுக்கு அந்த இடம் தெரியும். உள்ளே போய்விட்டால் முதுகில் நாலு பேர் சேர்ந்து குத்துகிற மாதிரி இருக்கும். கண் திறக்க முடியாது. பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. முதல் நாள் மூன்றாவது குளியலில் எப்படியோ கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தேன். அத்தையின் வாய் அசைந்துகொண்டிருந்தது. மூச்சு முட்டுகிறதோ என்று பயந்தேன். அப்படி இல்லை. பாறையைப் பார்த்து நின்று யாரிடமோ பேசுகிற மாதிரி, விட்டு விட்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் வாய் மூடிக்கொண்டது.

சனிக்கிழமை காலைக் குளியலில் என் கால் கொலுசு ஒன்று கழன்று போய்விட்டது. தீபாவளிக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசு. போடாதே என்று அம்மா சொல்லியும் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். தண்ணீருக்குள் குனிந்து துழாவினேன், கூழாங்கல்தான் கையில் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது அத்தை குனிந்து என் காதோடு வாயை வைத்தாள்.

"அழாதட்டி. நான் தொலைச்சதா இருக்கட்டும்."

மூன்று மாதம் பேசாத குரல், கரகரவென்று இருந்தது. நான் பயந்துபோய் அழுகையை நிறுத்திவிட்டேன்.

மத்தியானக் குளியலில் நானே அவள் சேலையைப் பிடித்து இழுத்துக் காதைக் காட்டினேன். என் தலையைத் தன் தாடையோடு அணைத்துக்கொண்டு அத்தை சொன்னாள். தண்ணீர் இரைச்சலில் பாதிதான் கேட்டது, அதையே அவள் இரண்டு மூன்று தரம் திரும்பச் சொன்னதால் முழுவதும் மனசில் நின்றுவிட்டது.

"பிள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போச்சு. அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்னு கால்ல விழுந்தேன். செவ்வாக்கெழம பச்சப்பிள்ளைய வாசப்படி தாண்டிக் கொண்டு போவக் கூடாதுன்னுட்டா மாமியா. உங்க மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நிக்காரு. பொறவு பாப்போம்ங்காரு. புதங்கெழம விடியுமுன்ன பிள்ளை போயிட்டு."

பிறகு என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"நான் பேசுதேன்னு அப்பாட்ட சொல்லிராத. பேசினா தெளிஞ்சிட்டுன்னு அங்கன கொண்டு விட்டுருவாங்க. இப்படியே இருந்தா ஆவணியோட அத்துப் போவும். நான் நம்ம வீட்டுலயே கெடப்பேன்."

நான் அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

அறைக்கு வந்ததும் அம்மா என் காலைப் பார்த்தாள். "கொலுசு எங்கட்டி?" நான் வாயைத் திறக்குமுன் அத்தை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, அருவிப் பக்கம் கையை வீசிக் காட்டினாள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைத் திட்டவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா அப்பாவிடம் அறை வாசலில் நின்று சொன்னது எனக்குக் கேட்டது. "பிள்ளை கால்ல கெடந்த கொலுசக் கழத்தித் தண்ணியில எறிஞ்சிருக்கா. குளிக்கக் குளிக்கக் கூடத்தான் செய்யுது. எனக்குப் பயமா இருக்கு."

அப்பா, "அண்ணாச்சி இன்னொரு எடமும் சொன்னாரு. சங்கிலி போட்டு வச்சிருப்பாங்களாம். நாப்பத்தெட்டு நாள்ல தெளிஞ்சிருமாம். வேற என்ன செய்ய? நாளைக்கும் இப்படின்னா அங்கனதான் கொண்டு போவணும்" என்றார். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழாவது குளியல் முடிந்து வந்தோம். அத்தை கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். அப்பா பீடிகூடப் பற்ற வைக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அப்பா, அத்தை பேசுதா. எங்கிட்ட பேசினா."

அத்தையைச் சங்கிலியிலிருந்து காப்பாற்றத்தான் சொன்னேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. அப்பாவின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும், என்னால் மாற வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. பத்து வயதில் அது என்ன பெரிய குற்றம் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அப்படி லேசாக விட முடியவில்லை.

அப்பா நம்பவில்லை. வெறுத்துப்போயிருந்த மனுஷன். "விளையாட்டாட்டி உனக்கு? எதுல பொய் சொல்லுததுன்னு இல்ல?" என்று கையை ஓங்கிவிட்டார். அடி விழவில்லை. கொடிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அவள அடிக்காதீங்கண்ணே. பேசினேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அப்பா தங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தாயி, இன்னொருக்க சொல்லு, இன்னொருக்க சொல்லு" என்றார். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு, "பேசுதேன்லாண்ணே" என்றாள்.

அப்பா சட்டைகூடப் போடாமல் கடைத்தெருவுக்கு ஓடினார். பலாச்சுளையும் ரம்புட்டானும் வாங்கி வந்து என் மடியில் கொட்டி, "எம் பிள்ளைலா கண்டுபிடிச்சா" என்று உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார். பக்கத்து அறைக்காரர்கள் வந்து அத்தையை வேடிக்கை பார்த்தார்கள். குற்றாலநாதருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. இவ்வளவு அமர்க்களத்தில், அவள் என்ன பேசினாள் என்று அப்பாவும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

நாளன்றைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். ஆடி முடிந்தால் ஆவணி. அப்பா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். எட்டாவது குளியலும் இல்லை, ஒன்பதாவதும் இல்லை. மத்தியானச் சோறு முடிந்த கையோடு மூட்டை கட்டிவிட்டார்.

"பேட்டைக்குப் போயி ஒரு மாசம் தெம்பா இருந்துட்டுப் போவட்டுமே" என்று அம்மா மெதுவாக இழுத்தாள்.

"மனசு தெளிஞ்சிருக்கும்போதே விட்டுரணும். போற வழிதானே" என்றார் அப்பா.

எனக்கு அது ரயிலில்தான் புரிந்தது. கடையம் தாண்டியதும் அப்பா எழுந்து அத்தையின் பையைத் தனியாக எடுத்து வைத்தார். அம்மா தன் குங்குமச் சிமிழைத் திறந்து அத்தைக்கு வைத்துவிட்டாள். நான் எதிரே இருந்து, "அப்பா, அத்தை சொன்னா, பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தேன். "போறப்ப எதுக்குட்டி அந்தப் பேச்சு? அவ மறுபடி கலங்கவா?" என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். கையைத் தட்டிவிட்டுக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

ஆழ்வார்குறிச்சியில் ரயில் இரண்டு நிமிஷம் நிற்கும். அப்பா பையோடு முதலில் இறங்கினார். அத்தை என் சட்டையின் பின்பக்கம் கழன்றிருந்த பொத்தானைப் போட்டுவிட்டு இறங்கினாள். என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு வருஷம் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர்கள் இரண்டு பேரும் வெயிலில் தண்டவாளத்தைத் தாண்டிப் போனார்கள். அம்மாவும் நானும் பேட்டைக்கு வந்து சேர்ந்தோம்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அத்தை பேசினாள், சமைத்தாள், வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள், இப்போது நல்ல வேலையில் இருக்கிறார்கள். மாமாவும் கெட்டவர் என்று சொல்ல முடியாது, தாய் எதிரே வாய் திறக்கத் தெரியாதவர். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. கல்யாண வீடுகளில் அத்தையைப் பார்ப்பேன். சிரிப்பாள், என் பிள்ளைகளை விசாரிப்பாள். பந்தி பரிமாறுகிற இடத்தில் எல்லாரையும்விட அதிகமாக ஓடுவது அவளாகத்தான் இருக்கும்.

அப்பா மட்டும் அந்தக் கதையை விடவில்லை. "ஒம்பது குளியல், எந் தங்கச்சி எந்திரிச்சு உக்காந்துட்டா" என்று யாரைக் கண்டாலும் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டு எத்தனையோ குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போயிருக்கின்றன. ஏழு குளியல்தானப்பா என்று ஒரு தடவைகூட நான் திருத்தவில்லை. அவர் ஆரம்பித்ததும் ஏதாவது சோலி இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன்.

போன வருஷம் ஆவணியில் அப்பாவைப் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நுரையீரல் முடியவில்லை, இனி நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் காலையில் நான் வாய் துடைத்துவிடும்போது, எங்கேயோ போய்க்கொண்டிருந்த பேச்சுக்கு நடுவில் கேட்டார்.

"ஏட்டி, அன்னைக்கு அருவியில உங்க அத்தை என்னதான் பேசினா உங்கிட்ட?"

நான் சொன்னேன். வயிற்றால் போனது, செவ்வாய்க்கிழமை, மாட்டுக்குத் தண்ணீர், ஆவணியோடு அற்றுப்போகும் என்று அவள் காத்திருந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சாகக் கிடக்கிறவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன்தான். ஆனால் கேட்டுவிட்டாரே. அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலப்பா."

"அவள வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் அத்தை பஸ் பிடித்து வந்தாள். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது.

"தாயி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்னு கால்ல விழுந்தியாமே. நான் ஒண்ணும் கேக்காமக் கொண்டு விட்டுட்டு வந்துட்டனே."

அத்தை ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அவர் போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி? அதெல்லாம் மறந்து போச்சுண்ணே. ஏதோ சின்னப்பிள்ள சொல்லுதான்னு... கஞ்சி குடிச்சீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அதான பாத்தேன்" என்றார். முகம் தெளிந்துவிட்டது. ஒரு தம்ளர் கஞ்சி முழுவதும் குடித்தார். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அப்பாவைப் பார்க்க வந்த அன்றைக்குச் சாயங்காலமே அத்தையைப் பஸ் ஏற்றிவிடக் கூடப் போனேன். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. என்னைப் பொய்க்காரி ஆக்கியதுகூடப் பரவாயில்லை. நாற்பத்தைந்து வருஷம் கழித்துத்தான் என்றாலும் ஒருவர் கேட்டாரே, அதற்கும் பதில் இல்லாமல் ஆக்கிவிட்டாளே என்றிருந்தது. பஸ் நிறுத்தத்தில் கூட்டம். நிழல் பார்த்து நின்றோம்.

"நெசமாவே மறந்துட்டியா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை பையிலிருந்து சில்லறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆழ்வார்குறிச்சி பஸ் திரும்புவது தெரிந்ததும் என் கையைத் தொட்டாள்.

"அந்தா, பூக்காரிகிட்ட பேரம் பேசிட்டு நிக்காள்லா, பச்சச்சேலை," என்றாள். "அவ வயசு இருக்கும்ட்டி நம்ம பிள்ளைக்கு."